ஆறு இலை வீடு

மனித இனம் குகையைக் காலி செய்துவிட்டு வெளியே வந்ததற்கு வெயில், மழை, புலி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் ஒன்றுதான். குகைக்குத் தரச் சான்றிதழ் கொடுக்க அப்போது யாரும் இல்லை. சான்றிதழ் இல்லாத கூரையின் கீழ் ஒரு மனிதன் எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்குவான்? அந்தக் குறையைப் போக்கத்தான், சற்றே தாமதமாக, எங்கள் வாரியம் தோன்றியது.

'ஆயத்த மரவீடுகளின் தரம் மற்றும் நிலைத்தன்மை மதிப்பீட்டு வாரியம்' என்பது முழுப்பெயர். பெயர்ப்பலகை எங்கள் கட்டடத்தைவிட ஓரடி நீளம். ஆகவே கடைசி இரண்டெழுத்து மட்டும் பக்கத்துப் பல் மருத்துவர் வீட்டுச் சுவரில் இருக்கும். அவரும் பெருந்தன்மையாக ஒன்றும் சொன்னதில்லை.

ஆயத்த மரவீடு என்றால் பலருக்குத் தெரியாது. சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் தொழிற்சாலையில் தனித்தனியாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, இரண்டே நாளில் திருகாணி முடுக்கி நிறுத்திவிடுவார்கள். சிமெண்டு கிடையாது, செங்கல் கிடையாது, தூசி கிடையாது. பூமித்தாய்க்கு வலிக்காமல் கட்டப்படும் வீடு. உள்ளே குடியிருப்பவர்களுக்கு வலிக்குமா என்பது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது.

நான் அங்கே முதுநிலை மதிப்பீட்டாளர். என் ஆயுதம் இருநூற்றுப் பதினாறு கேள்விகள் கொண்ட படிவம். அதை உருவாக்க நான்கு ஆண்டுகளும் முப்பத்தொரு கூட்டங்களும் பிடித்தன. மரம் எந்தக் காட்டில் பிறந்தது, லாரி எவ்வளவு தூரம் ஓடியது, ஜன்னலிலிருந்து பார்த்தால் எத்தனை வகைப் பறவைகள் தெரியும் என்று ஒரு வீட்டைப் பற்றி மனிதன் நினைத்தே பார்க்காத கேள்விகள்கூட அதில் உண்டு. மழை பெய்தால் ஒழுகுமா என்பது மட்டும் இல்லை. இருபத்தெட்டாவது கூட்டத்தில் ஒருவர் அதைச் சேர்க்கச் சொன்னார். "ரொம்ப எதிர்மறையா இருக்கே" என்று தலைவர் முகம் சுளித்தார். விட்டுவிட்டோம்.

தலைவர் நிலைத்தன்மையைப் பற்றிப் பேச முழுத்தகுதி உடையவர். ஒரே நாற்காலியில் பதினோரு ஆண்டுகள் நிலைத்திருப்பது சாதாரணக் காரியமா?

வாரியத்தில் மரம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பது விதி. எனவே ஒருவர் மட்டும் இருந்தார். அவர் ஒரு தச்சர். பலகையை விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். படிவத்தில் மூக்குக்கென்று கட்டம் எதுவும் இல்லை என்று அவருக்குப் பலமுறை எழுத்துமூலம் தெரிவித்தோம். அவர் திருந்தவில்லை.

சாலையை அகலப்படுத்தியதில் வீடிழந்த நாற்பது குடும்பங்களுக்கு ஆற்றோரமாக நாற்பது மரவீடுகள் அமைப்பதென்று முடிவாயிற்று. பதினோராம் எண் வீடு என் சொந்த அக்காவுக்கு. வீடுகளுக்குத் தரம் வழங்க நானும் தச்சரும் தொழிற்சாலைக்குப் போனோம். மேலாளர் வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"எங்க மரம் முழுக்க முழுக்கப் பச்சை, சார்."

தச்சர் ஒரு பலகையைத் தட்டினார். 'தொப்' என்றது.

"ஆமா, பச்சைதான்" என்றார். "வெட்டி ஒரு மாசம்கூட ஆகலை. காயவே வைக்கலை. புழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும்."

மேலாளர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் கையைக் குலுக்கினார். நான் படிவத்தில் 'பச்சை: நேரில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினேன். அது பச்சை உண்மை. உண்மையிலும் பச்சை உண்டு என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

தச்சர் தன் பங்குக்கு, 'இந்த மரத்தில் தரம் இல்லை' என்று ஒரே வரியில் குறிப்பு எழுதினார். எங்கள் தட்டச்சர் அம்மாள் மிகவும் கவனமானவர். வருடத்துக்கு ஓர் எழுத்துதான் விடுவார். அந்த வருடத்துக்கான 'ல்' அன்றைக்கு விடுபட்டது. 'இந்த மரத்தில் தரம் இலை' என்று தாள் தலைவரின் மேசைக்குப் போனது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் வாரியம் தரத்தை இலைக் கணக்கில்தான் அளக்கும். ஓர் இலை என்றால் சுமார். ஐந்து இலை என்றால் அதற்குமேல் வானம்தான்.

"இலைன்னு போட்டிருக்கு. எத்தனைன்னு போடலையே?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

தச்சர் அன்று விடுப்பு. எழுத்துப்பிழை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தலைவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். திறந்த வாய்க்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. நான் மென்று முடிப்பதற்குள் அவர் தன் கைப்பட 'ஐந்து' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அக்கா குடியேறினாள். அத்தானுக்கு லாரி ஓட்டும் வேலை. அக்காவுக்குத் தபால் அலுவலகத்தில், திரும்பி வரும் தபால்களைக் கவனிக்கும் பிரிவு. ஒன்பது வயதில் ஒரு மகள். அவள் பேச்சுக்காகவே எல்லோரும் அவளை 'வாண்டு' என்றுதான் கூப்பிடுவோம். முதல் மழை பெய்த வாரம் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, சுவத்துல காளான் முளைச்சிருக்குடா."

"எந்தச் சுவர்?"

"ஆத்துப் பக்கத்துச் சுவர். நேத்து மூணு இருந்துச்சு. இன்னைக்கு ஏழு."

"சமைக்கிற காளானா?"

"உன்னை வெச்சு சமைக்கிற காளான். ஒழுங்கா வந்து பாரு."

"அப்படியெல்லாம் வரமுடியாதுக்கா. புகார்ப் படிவம் ஒன்பதை நிரப்பி அனுப்பு. முறைப்படி வரும்."

"உனக்கு மூக்குச் சிந்தி விட்டப்பல்லாம் நான் எந்தப் படிவம்டா கேட்டேன்?"

ஆனாலும் நிரப்பி அனுப்பினாள். தபால் இலாகாவில் வேலை பார்ப்பவள் அல்லவா? படிவம் ஒன்பது எங்கள் அலுவலகத்தின் வரவேற்பறையிலிருந்து மூன்றாம் மாடி வரை பயணம் செய்ய மூன்று மாதம் ஆயிற்று. இதற்கிடையில் வீட்டுக் கதவு ஊறிப்போய்த் திறக்காமலே நின்றுவிட்டது. அவர்கள் ஜன்னல் வழியாகப் போய்வந்தார்கள். ஒருநாள் அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். இந்தமுறை கோபம் இல்லை.

"வாண்டுக்குக் காலையில எழுந்ததும் இழுப்புடா. மூச்சு விடவே கஷ்டப்படறா. சுவத்துப் பூசணம்தான் காரணம்னு டாக்டர் சொல்றார்."

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம் இருந்தது என்றாலும், இல்லாவிட்டாலும் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். டாக்டரின் சீட்டைக் கோப்பில் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு ஓரத்தில் 'தனிநபர் உணர்வு' என்று எழுதினார். பிறகு பெரிய மனதோடு, 'வாழ்வுநிலை மறுமதிப்பீடு' ஒன்றுக்கு உத்தரவிட்டார்.

தலைவர், நான், தச்சர், ஓர் ஆலோசகர் என நால்வர் போனோம். ஆலோசகர் நிலைத்தன்மையைக் கரைத்துக் குடித்தவர். மரத்தை மட்டும் படத்தில்தான் பார்த்திருந்தார்.

"வாங்க, வாங்க. வாசல் இந்தப் பக்கம்" என்று அக்கா ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டாள்.

தலைவரின் முதல் பாதி எளிதாக உள்ளே போனது. இரண்டாம் பாதிக்கு நாங்கள் உதவினோம்.

"கதவு என்னாச்சு?" என்றார் மூச்சு வாங்க.

"நிலையும் கதவும் ஊறி ஒண்ணாப் போச்சு, சார். இழுத்தாலும் வராது."

ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "இதைத்தானே இத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன்! கதவு நிலையை விட்டு அசையவே இல்லை பாருங்க. இதுதான் நிலைத்தன்மை. பத்துக்குப் பத்து."

எழுதிக்கொண்டேன். சுவரில் இருந்த காளான்களுக்கு 'உயிர்ப்பன்மைக்கு இடமளித்தல்' என்ற தலைப்பில் மதிப்பெண் விழுந்தது. மூலையில் கை நுழையும் அளவு பிளவு இருந்தது. அது இயற்கைக் காற்றோட்டம். தச்சர் பேசாமல் தன் ஈரமானியை எடுத்து, அதன் ஊசியைச் சுவரில் குத்தினார்.

"முப்பத்தெட்டு" என்றார். "இருபது சதவீதத்தைத் தாண்டினாலே மரம் மக்க ஆரம்பிச்சுடும், ஐயா."

"முப்பத்தெட்டு சதவீதம் தண்ணியா?" என்று ஆலோசகர் துள்ளினார். "அப்போ இந்த வீடு தீப்பிடிக்கவே பிடிக்காது! தீத்தடுப்புக்கு முழு மதிப்பெண் போடுங்க."

அத்தான் நாங்கள் வந்ததிலிருந்தே மூலையில் சுவரோடு சுவராக, கையைப் பின்னால் வைத்து நின்றுகொண்டிருந்தார். அதிகாரிகளுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்தேன்.

நூற்று எண்பத்தொன்பதாம் கேள்வி குழந்தையின் கருத்தைப் பற்றியது. தலைவர் குனிந்து, குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, உனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கா?"

வாண்டு இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். "நான் பிடிக்கலை அங்கிள். அப்பாதான் பிடிச்சிருக்கார். நான் ஸ்கூல் விட்டு வந்தப்புறம் அந்தப் பக்கம் பிடிச்சுப்பேன்."

'தந்தைக்குப் பிடித்திருக்கிறது' என்று எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

தலைவர் நெகிழ்ந்துபோயிருந்தார். "உங்களை மாதிரி வீட்டை நேசிக்கிறவங்கதான் வேணும்" என்று அத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"வேண்டாம் சார்" என்றார் அத்தான்.

"அட, கூச்சப்படாதீங்க. குடுங்க கையை!"

அத்தானுக்குப் பெரியவர்கள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. வாண்டைத் தன் பின்னால் நகர்த்திவிட்டுக் கையைக் கொடுத்தார்.

ஆற்றுப் பக்கத்துச் சுவர் அவசரமே இல்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, புல்தரையில் மல்லாந்து படுத்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. காளான்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தன. ஆற்றங்கரை நன்றாகத் தெரிந்தது. பறவைகள்கூட இரண்டு வகை தெரிந்தன.

முதலில் பேசியது ஆலோசகர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு விநாடி!" என்றார், தழுதழுத்த குரலில். "வாழ்நாள் முடிஞ்ச வீட்டைச் சேதமில்லாம கழற்றி, திரும்பப் பயன்படுத்த முடியணும். அதுக்கு நாம குடுத்த கெடு நாலு மணி நேரம். இங்க எட்டே விநாடி! கருவியே இல்லாம!"

"ஐந்து இலை போதாது" என்றார் தலைவர். அந்த இடத்திலேயே, விழுந்த சுவரின் மேல் நின்றபடி, ஆறாவது இலை உருவாக்கப்பட்டது. வாரியத்தின் வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

தச்சர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஐயா. சுவர் உள்பக்கமா விழுந்திருந்தா இந்தப் பொண்ணு கட்டில் மேல விழுந்திருக்கும்." நிலைத்தன்மையில் நம்பிக்கை இல்லாதவருக்கு வேலை மட்டும் எப்படி நிலைக்கும்? மறுநாளே போய்விட்டது.

நான் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்குமுன் ஒரு வீரச்செயல் செய்தேன் என்பதையும் பதிவு செய்யவேண்டும். 'குறிப்பு' என்ற இடத்தில் 'இது மனிதர் வாழும் தகுதி அற்றது' என்று எழுதினேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, கோபிக்காமல், 'தகுதிக்கு அப்பாற்பட்டது' என்று திருத்தினார்.

"அர்த்தம் ஒண்ணுதானே? இப்படிப் போட்டா மரியாதையா இருக்கு" என்றார்.

அக்கா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "உன் கையெழுத்து நல்லா இருக்குடா" என்றாள். அவ்வளவுதான். அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலையே துணிமூட்டைகளோடு மூவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்னுடையது பழைய செங்கல் கட்டடம். ஓர் இலைகூடத் தேறாது. என் மனைவி அவர்களுக்குப் படுக்கையறையை ஒழித்துக்கொடுத்தாள்.

"அந்த வீட்டுக்கு எத்தனை இலை குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆறு."

"அதுல மூணை விரிச்சு சமையலறையில படுத்துக்கோங்க."

ஒரு வாரத்தில் வாண்டின் இழுப்பு பாதியாகக் குறைந்தது. பேச்சு இரு மடங்காகக் கூடியது. ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆறு இலைச் சான்றிதழைப் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். உலகத்திலேயே அதைப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கவேண்டும்.

"தம்பி, 'வாழ்நாள் முடிந்து கழற்றப்பட்ட வீட்டைத் திரும்பப் பெறும் பொறுப்பு'ன்னு போட்டு, பக்கத்துல உங்க வாரியத்து முத்திரை இருக்கே. இது என்ன?"

"அது சும்மாக்கா. தொழிற்சாலைக்காரன் அந்த இடத்தைக் காலியா விட்டிருந்தான். காலியா இருந்தா தலைவருக்குப் பிடிக்காது. அதான் குத்திட்டோம்."

"முத்திரை விழுந்தப்புறம் சும்மாங்கற பேச்சே கிடையாது. இருபது வருஷமா நான் பார்க்கிற வேலை அதுதானே" என்று அக்கா எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அலுவலக வளாகத்துக்குள் அத்தானின் லாரி நுழைந்தது. பதினோராம் எண் வீடு அதில் அடுக்காக வந்திருந்தது. கூடவே தச்சரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு பேரும். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் வீடு நின்றுவிட்டது. தலைவரின் கார் நிற்கும் இடத்தில்தான் நின்றது. இந்தத் தடவை நீளமான திருகாணி போட்டிருப்பதாகத் தச்சர் சொன்னார். ஜன்னலுக்குக் கீழே முக்காலியும் வந்திருந்தது. சுவரில் அக்கா ஒரு சீட்டு ஒட்டினாள்: 'பெறுநரால் குடியிருக்க இயலவில்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.' அதன்மேல் 'டப்' என்று ஒரு முத்திரை.

இரண்டு நாளாக வெளியூர்க் கருத்தரங்கில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பிய தலைவர், காரை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். "யாரைக் கேட்டு இதை இங்க வெச்சீங்க?"

"உங்க முத்திரையைக் கேட்டுத்தான் சார்" என்று அக்கா சான்றிதழை நீட்டினாள்.

"இந்த ஓட்டை வீட்டை..."

"ஆறு இலை, சார்."

அந்த நேரத்தில்தான் ஆண்டு ஆய்வுக்காகத் துறைச் செயலாளரின் கார் உள்ளே வந்தது. செயலாளர் இறங்கினார். வீட்டைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், தலைவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நாடு முழுக்கச் சான்றிதழ் குடுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். தான் குடுத்த சான்றிதழை நம்பி அதுக்குள்ளேயே அலுவலகத்தை மாத்துற ஒருத்தரை இப்பத்தான் பார்க்கிறேன்! எப்போ குடியேறப் போறீங்க?"

"அது வந்து..." என்றார் தலைவர்.

"நாளைக்கே, சார்!" என்று ஒரு குரல் கேட்டது.

யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை. அக்கா மட்டும் நீண்ட நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் குடியேறினோம். அதற்கு அடுத்த நாள் மழை. கோப்புகள் ஊறித் தலையணைபோல உப்பின. கதவு பழையபடி திறக்காததால் தலைவர் தினமும் முக்காலி வழியாக அலுவலகம் வந்தார். வாரியத்தின் நேரந்தவறாமை அதனால் சற்றுப் பாதிக்கப்பட்டது. ஆலோசகரின் நாற்காலிக்கால் தரையைத் துளைத்துக்கொண்டு பூமித்தாயைத் தொட்டது, அவர் விடைபெற்றுக்கொண்டார். நான்காம் நாள் காலை, தட்டச்சர் அம்மாளுக்கு ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருந்த தலைவர் தும்மினார். தொடர்ந்து பதினோரு முறை. கண்களைத் துடைத்துக்கொண்டு, "இதுல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டார்.

இருநூற்றுப் பதினேழாவது கேள்வி இப்படித்தான் பிறந்தது. அரைமணி நேரத்தில், படிவத்தைத் தொடாமலே, அறுபத்தொரு குறைகளைக் கண்டுபிடித்தோம். மாலைக்குள் ஆணை தயாராகிவிட்டது. தொழிற்சாலை தன் பொறுப்பில் நாற்பது வீடுகளையும் கழற்றி, நன்றாக உலர்ந்த மரத்தில் திரும்பக் கட்டித் தரவேண்டும்; அதுவரை குடும்பங்களுக்குச் செங்கல் வீடுகளில் இடம்; தச்சருக்குத் தலைமை மதிப்பீட்டாளர் பதவி. இன்றைக்கு அவர் அக்காவின் புதுச் சுவரைத் தட்டினால் 'டங்' என்கிறது. வாண்டுக்கு இழுப்பு அறவே இல்லை.

எங்கள் வாரியம் மெத்தனமாக வேலை செய்கிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களுக்காக ஒரு புள்ளிவிவரம் தருகிறேன். ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறுவது எங்கள் காதில் விழ மூன்று மாதம் போதவில்லை என்பது உண்மைதான். தலைவரின் தும்மல் விழ அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது.